வடகாற்று அடித்த மறுநாள் பாஸ் மீன் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் நடுவில் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை விட்டதும் டாலஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பல தூண்டிலும் கையுமாக ஏரிகளுக்குக் கிளம்புகின்றன. கிழக்கே சுமார் 70 மைல் தள்ளியிருக்கும் லேக் ஃபோர்க் ஏரி, பெருவாய் பாஸ் (largemouth bass) மீனுக்குப் பெயர்போனது. டெக்சஸ் மாநிலத்தின் சாதனை மீனான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் அந்த ஏரியில்தான் பிடிபட்டது. ஆனால் போய்விட்டுத் திரும்புகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா அடிச்சுதாம், சனிக்கிழமை நாங்க போனா ஒண்ணுமே இல்லை."

ஏரியில் மீன் ஒரே இரவில் தீர்ந்துபோவதில்லை. வெள்ளி இரவு வடகாற்று இறங்கியிருக்கும். பிப்ரவரியிலிருந்து மே வரை டெக்சஸ் வானிலை சில நாட்களுக்கு ஒருமுறை புரளும். தெற்கே வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெதுவெதுப்பும் வடக்கிலிருந்து இறங்கும் குளிரும் மாறி மாறி வரும். சில மணி நேரத்திலேயே 20, 30 ஃபாரன்ஹீட் இறங்கிவிடும். தங்கள் இதழின் வார இறுதிப் பக்கத்தில் வெப்பநிலையும் மழை வாய்ப்பும் வருகின்றன. அதோடு காற்றின் திசை, வேகம், வடகாற்று இறங்கும் நேரம் ஆகிய மூன்றையும் இந்த நான்கு மாதங்களுக்காவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வசந்தத்தில் எந்த லூரை (செயற்கை இரையை) கட்டுவது, எந்தக் கரைக்குப் போவது, எத்தனை மணிக்குப் போவது என்பதெல்லாம் அந்த மூன்றை வைத்துத்தான் முடிவாகிறது. அது எப்படி என்று சற்று விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

தேதியைப் பார்த்து லூர் எடுப்பதுதான் முதல் தவறு. கிழக்கு டெக்சஸில் ஒரு வருடம் பிப்ரவரி கடைசியிலேயே பாஸ் முட்டையிடத் தொடங்கிவிடும். இன்னொரு வருடம் குளிர் இழுத்தால் ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். பார்க்க வேண்டியது தண்ணீரின் சூடு. 50 முதல் 55 ஃபாரன்ஹீட் (10 முதல் 13 செல்சியஸ்) வரும்போது குளிர்காலத்தில் ஆழத்தில் கிடந்த மீன் ஓடை வாய்க்கும் நிலமுனைகளுக்கும் நகர்கிறது. பாசிப் படுகையின் வெளி ஓரத்தில், 6 முதல் 12 அடி ஆழத்தில், கூட்டமாக நின்று இரை தின்னும். 60-ஐத் தொட்டதும் ஆண் மீன்கள் கரையோரம் ஏறி 2 முதல் 8 அடித் தண்ணீரில் வாலால் தரையைத் துடைத்துக் குழி செய்கின்றன. பெண் மீன் வந்து முட்டையிட்டதும் ஆண் அதை விரட்டிவிட்டுத் தானே காவல் நிற்கும். முட்டை பொரிய 5 முதல் 10 நாள். ஒரே ஏரியில் ஒரே வாரத்தில் இந்த மூன்று நிலையிலும் மீன் இருக்கும் என்பதால்தான் வசந்தத்தில் "இந்த லூர்தான் சரி" என்று ஒன்றைச் சொல்ல முடிவதில்லை.

தண்ணீரின் சூட்டை எங்கே, எப்போது அளப்பது என்பதிலும் ஏமாறுவோம். படகின் கருவி காட்டுவது மேல்தண்ணீரை மட்டும். மாலை 4 மணி வெயிலில் அது 62 காட்டலாம். மறுநாள் விடிகாலை அதே இடத்தில் 56 இருக்கலாம். மீன் நம்புவது இரவு தாங்கும் சூட்டைத்தான். படகில்லாதவர்கள் சாதாரண மீன்தொட்டி வெப்பமானியைத் தூண்டில் நரம்பில் கட்டி, கூடவே ஓர் ஈயக்குண்டையும் சேர்த்து, 3 அடி ஆழத்தில் இரண்டு நிமிடம் விட்டுத் தூக்கிப் பார்க்கலாம். காலை அளவைக் குறித்துவைத்துக்கொண்டு அதன்படி முடிவெடுங்கள்.

எந்தக் கரை முதலில் சூடாகும்? வடக்கு, வடமேற்குப் பக்கத்துக் குடாக்கள். அங்கே வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைக் கரை மறித்துவிடுகிறது. தெற்கில் தாழ்வாகச் செல்லும் வெயில் நேராக விழுகிறது. தென்காற்று வீசும் நாட்களில் ஏரியின் நடுவில் சூடேறிய மேல்தண்ணீரும் அந்தப் பக்கமே ஒதுங்குகிறது. சற்றுக் கலங்கிய தண்ணீரும் கறுத்த தரையும் இருந்தால் இன்னும் வேகம். அணை, பாலங்களின் ஓரம் கொட்டிவைத்த பாறைகளும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். காலையில் அந்தப் பாறை பயனில்லை. பிற்பகல் 2 மணிக்கு மேல் போங்கள்.

இனி வானிலைக்கு வருவோம். வடகாற்று இறங்குவதற்கு முந்தைய நாள் தென்காற்று விசிறும், மேகம் கவியும், காற்றில் பிசுபிசுப்பு இருக்கும். வசந்தத்தில் மீன்பிடிக்க இதைவிட நல்ல நேரம் குறைவு. மீன் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து அலையும். வேகமான லூரைத் துரத்தும். பாசி இருக்கும் ஏரியில் இந்த நேரத்துக்கு உதடில்லாத கிராங்க்பைட் (முன்புறம் உதடு போன்ற தகடு இல்லாத கெட்டி உடல் லூர்; ரேட்டில் டிராப் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமானது), அரை அவுன்ஸ் எடை, நண்டுச் சிவப்பு. 7 அடி ராடு (தூண்டில் கோல்), நுனி சற்று வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். 15 அல்லது 17 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு.

இதை இழுக்கும் விதம்தான் முக்கியம். நீருக்கடியில் ஹைட்ரில்லாப் பாசி மேல்மட்டத்திலிருந்து 3 அடி கீழே நிற்கிறது என்று வையுங்கள். எறிந்ததும் லூரைப் பாசியின் தலை வரை இறங்க விட்டு, சீராகச் சுற்றுங்கள். கையில் கடகடவென்ற அதிர்வு தெரியும். பாசி நுனியில் மாட்டியதும் அதிர்வு நின்று, ஈரத்துணியை இழுப்பது போலக் கனக்கும். அப்போது சுற்றுவதை நிறுத்தி, மணிக்கட்டால் ஒரே வெட்டு வெட்டி லூரைப் பிய்த்தெடுங்கள். பிய்ந்ததும் ஒரு நொடி தளரவிட்டு மறுபடி இறங்க விடுங்கள். பெரும்பாலும் அந்தப் பிய்ந்து விழும் நொடியில்தான் மீன் அடிக்கும். மெதுவாக இழுத்தே பாசியிலிருந்து எடுக்கப் பார்ப்பவர்களுக்கு லூர் முழுக்கப் பாசி சுற்றி வரும், மீன் வராது. ஒவ்வொரு எறிவிலும் பந்து பந்தாகப் பாசி வந்தால் லூர் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம்: ராடு நுனியை உயர்த்துங்கள், அல்லது கால் அவுன்ஸுக்கு மாறுங்கள். பிரெய்டு (பின்னல்) நரம்பு பாசியை நன்றாக அறுக்கும் என்று அதைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் அது நீளாது. விறைப்பான ராடும் பிரெய்டும் சேர்ந்தால் மும்முனை முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கரைக்குப் பத்தடி முன்னால் மீன் எகிறித் தலையை உதறும்போது கழன்றுவிடும்.

பாசியில்லாமல் மரக்கட்டையும் கிளையும் நிறைந்த கரை என்றால் சதுர உதட்டுக் கிராங்க்பைட். லேக் ஃபோர்க்கில் அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே இது நன்றாக வேலை செய்யும். கட்டையில் இடிக்காமல் தப்பித்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்காதீர்கள். இடிக்க வேண்டும். இடித்தவுடன் சுற்றுவதை நிறுத்தினால் அது பின்வாங்கி மேலே மிதந்து எழும். சிக்கலும் விடுபடும், மீனும் அப்போதுதான் கவ்வும். காற்று பலமாக அலையடித்துக்கொண்டிருந்தால் ஸ்பின்னர்பைட் (தகடு சுழலும் லூர்), 3/8 அல்லது அரை அவுன்ஸ், வெள்ளையும் மஞ்சள்பச்சையும் கலந்த பாவாடை. தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள்: முழங்கை வரை விட்டும் விரல் தெரியவில்லையென்றால் உருண்டையான கொலராடோ தகடு. அது பலமாக அதிரும். மீன் கண்ணால் காண்பதற்கு முன் உடலால் உணரும். இரண்டடிக்கு மேல் தெளிவாக இருந்தால் நீண்ட வில்லோ இலைத் தகடு. அது பளபளப்பைக் கொடுத்து வேகமாகவும் போகும்.

இப்போது சனிக்கிழமை. இரவு இடியும் மழையுமாகக் கடந்து, காலையில் வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருக்கிறது, வடமேற்குக் காற்று சுளீரென்று அடிக்கிறது. படம் எடுக்க அருமையான நாள். முந்தைய நாள் பத்து மீன் கொடுத்த அதே லூரை அதே வேகத்தில் எறிந்தால் ஒன்றும் வராது.

காற்றழுத்தம் ஏறியதால் மீனின் காற்றுப்பை அமுங்கி வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. அழுத்தமானியில் ஓர் அங்குலப் பாதரச மாற்றம் தண்ணீரில் 13.6 அங்குல ஆழத்துக்குச் சமம். வலுவான வடகாற்றில் அரை அங்குலம் ஏறினால் மீனுக்கு அது 7 அங்குலம் கீழே இறங்கியதற்கு ஒப்பு. ஒரு பூச்சியைப் பிடிக்கவே மீன் அதைவிட அதிகம் ஏறி இறங்கும். கண்ணெதிரே மாறுபவை வேறு இரண்டு: மேகம் விலகி வெளிச்சம் நேராக ஆழத்துக்கு இறங்குகிறது, ஆழமில்லாத குடாத் தண்ணீர் ஒரே இரவில் பல டிகிரி ஆறிப்போகிறது. வெளிச்சத்துக்கு ஒதுங்கவும் சூடு மாறாத இடத்தில் நிற்கவும் மீன் மறைவிடத்துக்குள் புகுந்துகொள்கிறது. குளிர்ந்த உடம்புக்கு உணவும் குறைவாகவே போதும்.

ஆகவே அது வெகு தூரம் போவதில்லை. நேற்று பாசிக்கு மேலே அலைந்த மீன் இன்று பாசிக்கு அடியில். நேற்று கட்டையைச் சுற்றி வந்தது இன்று கட்டையின் நிழல்பக்கம், அதோடு ஒட்டி. நேற்று 3 அடியில் நின்றது இன்று அதே குடாவின் முதல் சரிவில் 6, 8 அடியில். நேற்று 6 அடி தூரம் துரத்தி வந்த மீன் இன்று ஒரு சாண் தள்ளி விழுந்த இரையையும் எட்டிப் பார்க்காது. அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்து, அங்கேயே நீண்ட நேரம் இருக்கும்படி செய்ய வேண்டும். சிறியது, மெதுவானது, துல்லியமாக விழுவது.

இதற்கு வாக்கி ரிக்கை மிஞ்சியது இல்லை. 5 அங்குலத் தடித்த குச்சிப்புழு (சென்கோ வகை), அதன் நடுவில் சிறு ரப்பர் வளையம், வளையத்துக்கு அடியில் 1/0 அல்லது 2/0 முள். ஈயம் வேண்டாம், புழுவில் உப்புக் கலந்திருப்பதால் அதுவே இறங்கும். வளையம் இல்லாமல் நேராகப் புழுவில் குத்தினால் இரண்டு மூன்று எறிவில் கிழிந்து கீழே விழும். ஒரு பொட்டலம் ஒரு மணி நேரத்தில் காலி. கட்டையை ஒட்டி எறிந்து, நரம்பை லேசாகத் தளர்த்தி விடுங்கள். தளர்த்தாமல் பிடித்தால் புழு உங்கள் பக்கமாக ஊசல் போல வந்துவிடும். கட்டையோடு நேராக இறங்காது. இறங்கும்போது இரு முனையும் மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் எல்லாமே. ராடை ஆட்டி அதைக் கெடுக்காதீர்கள். தரையில் பட்டபின் பத்து நொடி எண்ணி, நுனியை ஓரடி உயர்த்தி, மறுபடி இறங்க விடுங்கள்.

இந்த நாளில் மீன் "டொக்" என்று அடிக்காது. வாயைத் திறந்து உறிஞ்சிவிட்டு அங்கேயே நிற்கும். கையை நம்பினால் பாதியைத் தவறவிடுவீர்கள். நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு எதிர்பார்த்ததற்கு முன்பே நின்றுவிட்டாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ புழு மீனின் வாயில் இருக்கிறது. தளர்ச்சியைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை நிதானமாகப் பக்கவாட்டில் இழுங்கள். மெல்லிய முள்ளுக்கு முரட்டு வெட்டு தேவையில்லை.

கிளைகளும் பாசியும் நெருக்கமாக இருக்கும் இடத்தில் வெளியே தெரியும் முள் சிக்கிக்கொள்ளும். அங்கே டெக்சஸ் ரிக்: தோட்டா வடிவ ஈயம், 3/0 வளைமுள், 4 அங்குல நண்டு அல்லது புழு. முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, முள்ளின் கண் (நரம்பு கட்டும் துளை) வரை மேலே இழுத்து, முள்ளைத் திருப்பி, புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தில் வருகிறதோ அங்கே குத்துங்கள். ஓர் இம்மி முன்னே பின்னே போனாலும் புழு வளைந்து, சுற்றுகையில் பம்பரம் போலச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். வடகாற்றுக்கு முன் 5/16 அவுன்ஸ் போட்டிருந்தால் இப்போது 1/8 அல்லது 3/16 போதும். கனமான ஈயம் புழுவைக் கல் போல இறக்கிவிடும். தயங்கி நிற்கும் மீனுக்கு அதைப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது. தெளிந்த தண்ணீரும் பாறைத் தரையும் என்றால் நெட் ரிக்: காளான் தலை ஜிக் (ஈயத்தலை வைத்த முள்) 1/10 அவுன்ஸ், அதில் 3 அங்குலத்துக்கும் குறைவான புழுத்துண்டு, 8 பவுண்டு நரம்பு, ஸ்பின்னிங் ரீல். எறிந்துவிட்டுச் சும்மா இழுத்து வாருங்கள். தெரிந்த மீன்பிடியாளர்களே கூச்சப்படும் அளவுக்குச் சின்ன லூர்தான். கடினமான நாட்களைக் காப்பாற்றுவது இதுதான்.

தண்ணீர் இன்னும் 60-க்குக் கீழேயே இருந்து தெளிவாகவும் இருந்தால் அந்தரத்தில் நிற்கும் ஜெர்க்பைட் (சிறுமீன் வடிவ லூர்) ஒன்று கைவசம் இருக்கட்டும். இரண்டு சுண்டு, நிறுத்து. ஒரு சுண்டு, நிறுத்து. நிறுத்தம்தான் மீனைக் கூட்டிவரும். 58-ல் மூன்று நான்கு நொடி. 50-ல் பத்துப் பதினைந்து நொடி. இந்தியர்கள், அமெரிக்கர்கள் என்ற வேறுபாடில்லாமல் யாருக்கும் அந்தப் பதினைந்து நொடி பொறுமை வருவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஜெர்க்பைட்டின் பின்புறம் சற்றும் எழாமல் மூழ்காமல் நிற்கிறதா என்று படகோரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் அடர்த்தியானது, வீட்டுத்தொட்டியில் அந்தரத்தில் நின்றது ஏரியில் மெல்ல மேலே எழலாம். முள்ளின் தண்டில் சிறு ஈயக்கம்பி இரண்டு சுற்று போட்டால் சரியாகிவிடும்.

காற்றின் தொல்லை தனி. எதிர்காற்றில் பைட்காஸ்டர் (உருளையே சுழன்று நரம்பை விடும்) ரீலை வழக்கம் போலத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தால் லூர் வேகம் குறையும், உருளை அதே வேகத்தில் சுற்றும், நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கும். எறிவதற்கு முன் லூரை நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, கட்டைவிரல் பொத்தானை அழுத்தி விடுங்கள். லூர் தரையில் பட்டதும் உருளை உடனே நிற்கும்படி பக்கத் திருகை இறுக்குங்கள். எதிர்காற்றுக்குப் பிரேக்கை இரண்டு படி ஏற்றி, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக எறியுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் உருளை மேல் இருக்க வேண்டும். லேசான புழுவைக் குறுக்குக் காற்றில் எறிவதே வீண்: நரம்பு வில் போல வளைந்துவிடும், மேலே சொன்ன நரம்பு பார்க்கும் வித்தை எதுவும் நடக்காது. காற்று முதுகில் படும்படி நின்று, நுனியைத் தண்ணீரோடு ஒட்டித் தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. வெதுவெதுப்பான வசந்த மழை பெய்து, ஓடைத் தண்ணீர் ஏரியைவிடச் சூடாக வந்து சேர்ந்தால், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் மீன் வந்து நிற்கும். அடர் நிறப் பெரிய ஜிக்கோ கொலராடோ ஸ்பின்னர்பைட்டோ போடுங்கள். குளிர்மழையின் ஓடை வாயில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் விராலுக்கு ஃப்ராக் (தவளை வடிவ லூர்) எறிந்து பழகியவர்கள் இங்கு வந்ததும் அதையே எடுக்கிறார்கள். தவறில்லை, நேரம்தான் தவறு. தண்ணீரின் சூடு 60, 65-க்கு மேல் ஏறி, பாசி மேல்மட்டத்தில் விரிந்தபின் ஃப்ராக் அருமையாக வேலை செய்யும். மார்ச் முதல் வாரத்துக் குளிரில் அதை இழுத்துக்கொண்டிருப்பது காத்திருப்புதான். நரம்பு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு. தண்ணீர் வெடித்ததும் வெட்டிவிடாதீர்கள்; ஒரு நொடி பொறுத்து, கனம் கையில் தெரிந்தபின் வெட்டுங்கள். விரால் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்பது போலத்தான் பாஸ் ஆணும் குழியின் மேல் நிற்கிறது. பசியால் அல்ல, காவலுக்காக அது லூரைக் கவ்வும். போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் மங்கிய தரையில் இரண்டடி அகல வெளிர் வட்டமும் அதன் மேல் கறுத்த நிழலும் தெரியும். டெக்சஸில் அதைப் பிடிப்பது சட்டப்படி தடையில்லை. ஆனால் ஆணைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே சுற்றியிருக்கும் சிறு சன்ஃபிஷ்கள் குழிக்குள் இறங்கி முட்டையைத் தின்னத் தொடங்கும். படகின் தொட்டியில் போட்டு, மாலையில் படகுத்துறையில் விட்டால் அந்தக் குழி அழிந்தது அழிந்ததுதான். பிடித்த இடத்திலேயே, ஒரு படம் எடுக்கும் நேரத்துக்குள் விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பைத் துடைத்துவிடும். கீழ்த்தாடையை மட்டும் பிடித்துப் பெரிய மீனைக் கிடைமட்டமாக நீட்டினால் தாடை மூட்டு பெயர்ந்துவிடும். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றின் அடியில். தொண்டையில் இறங்கிய முள் எளிதில் வராவிட்டால் தோண்டாதீர்கள், முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிடுங்கள்.

சமைக்க எடுத்துப்போக நினைப்பவர்கள் அளவு விதியைக் கவனிக்க வேண்டும். டெக்சஸின் பொது விதி பெருவாய் பாஸுக்குக் குறைந்தது 14 அங்குலம், நாளுக்கு 5. லேக் ஃபோர்க்கில் வேறு: 16-க்கும் 24-க்கும் இடைப்பட்ட மீன் அனைத்தையும் உடனே விட்டுவிட வேண்டும், 24-ம் அதற்கு மேலும் உள்ளதில் நாளுக்கு ஒன்றே ஒன்று. முட்டையிடும் பெரிய பெண் மீன்களில் பல அந்த இடைவெளியில்தான் வரும். மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயை மூடி, வால் துடுப்பின் இரு பிளவையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். வாலை விரித்து அளந்தால் கால் அங்குலம் குறைவாகக் காட்டிவிடும், அதிகாரி அளக்கும்போது மாறும். 17 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் கட்டாயம். பெரும்பாலான உரிமங்கள் ஆகஸ்ட் 31-ல் முடிகின்றன. "போன வருஷம் எடுத்தேனே" என்று போய் அபராதம் கட்ட நேரிட வேண்டாம்.

13 பவுண்டுக்கு மேல் ஒரு மீன் மாட்டினால், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மாநில அரசின் ஷேர்லங்கர் திட்டத்துக்கு அதைக் கொடுக்கலாம். 1986 முதல் நடக்கும் திட்டம் இது. அதன் முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் ஏரிகளுக்கே திரும்புகின்றன. மீனைக் காற்றோட்டமுள்ள தண்ணீரில் உயிரோடு வைத்துக்கொண்டு உடனே அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் தண்ணீர் 70-ஐ நெருங்கும்போது ஷாட் என்ற சிறுமீன்கள் விடியலில் பாறைக் கரையிலும் பாசி ஓரத்திலும் முட்டையிட வரும். பாஸ் அவற்றின் பின்னால் வரும். வெள்ளை ஸ்பின்னர்பைட்டைக் கரையை உரசியபடி இழுங்கள். வெயில் தண்ணீரில் விழுந்ததும் முடிந்துவிடும். அந்த ஒரு பருவத்துக்கு மட்டும்தான் இருட்டோடு எழுவது முழுப் பலன் தரும்.

பாதுகாப்பிலும் வானிலைதான் முதலில். மார்ச் தண்ணீரில் விழுந்தால் குளிரில் சில நிமிடங்களிலேயே கை கால் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்ச்சட்டையைக் கழற்றக் கூடாது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஓடும் சிறு படகில் அது சட்டப்படியும் கட்டாயம். கார்பன் ராடு மின்னலுக்கு நல்ல கடத்தி: இடி கேட்டதும் ராடுகளைக் கீழே படுக்கவைத்துவிட்டுக் கரையேறுங்கள். லேக் ஃபோர்க்கில் குறித்த படகுப் பாதையை விட்டு விலகி வேகமாக ஓட்டினால் மூழ்கிய மரம் படகின் அடியைப் பிளக்கும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலும் தொட்டியிலும் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி ஏரி ஏரியாகப் பரவாமல் இருக்க 2014 முதல் டெக்சஸ் முழுவதும் சட்டமாக உள்ளது. இழுவண்டியில் சுற்றிய பாசியையும் பிய்த்துப் போடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தால் தங்கள் பக்கத்தில் வரும் இரண்டு வரி வானிலையைப் படித்து ஒரு குடும்பம் என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம். "வெள்ளி நள்ளிரவு வடகாற்று, சனி காலை வடமேற்கிலிருந்து 20 மைல், மாலை தணியும், ஞாயிறு தென்காற்று" என்று இருந்தால், வெள்ளி பிற்பகலே விடுப்புக் கிடைப்பவர்கள் அன்று மாலை ரேட்டில் டிராப்போடு போகட்டும். மற்றவர்கள் சனிக்கிழமை 5 மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பகல் 12 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறிய பிறகு வடமேற்குக் குடாவில் காற்று மறைந்த கட்டைகளின் ஓரம் வாக்கி ரிக்கைப் போடட்டும். நாள் மாற்ற முடியுமானால் ஞாயிறு பிற்பகல், தென்காற்று திரும்பிய பிறகு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டாலஸ், டெக்சஸ்